தாத்தாவுக்கு ஒரு சின்னப் புத்தகம்: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் தாத்தா இறந்த அன்று காலையில் ஃப்ளெக்ஸ் கடைப் பையன் மூன்றே கேள்விதான் கேட்டான். நல்ல போட்டோ இருக்கா? தோற்றம், மறைவு தேதி என்ன? கீழ யார் யார் பேர் போடணும்? பத்து மணிக்குள் வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் பேனர் நின்றுவிட்டது. மார்க்கெட் வரைக்கும் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்று அழுதார். “மார்க்கெட்டாண்ட போஸ்டர பாத்தேம்பா. யாரோ எவரோன்னு நெனச்சிக்கினு பூட்டேன்” என்றார். தாத்தாவோடு ஐ.சி.எஃப். என்கிற பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருபது வருடம் ஒரே ஷாப்பில், அதாவது ஒரே பிரிவில், வேலை பார்த்தவர். அவர் மேல் தப்பில்லை. நாங்கள் போட்ட படம் ரிட்டையர் ஆன வருடம் மை பூசிய மீசையோடு எடுத்தது. போட்ட பெயர் சர்வீஸ் ரெக்கார்டில் உள்ள முழுப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வேலை இடத்தில் அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லையாம். ஸ்பாட் வெல்டிங்கில் இருந்ததால் அங்கே அவர் ‘ஸ்பாட்டு’. எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் பாட்டி, ஆயாவுக்கும் தெரியாது.

அந்த பேனர் இப்போது மாமாவின் பைக்குக்கு மழைக்கு மூடும் துணியாக இருக்கிறது. போஸ்டர் என்னவோ அடுத்த மழையிலேயே கிழிந்தது. அப்புறம்தான், முதல் வருட தெவசத்துக்குள் 24 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுவது என்று முடிவு செய்தோம். எழுதிப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. தட்டுத்தடுமாறி செய்து முடித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன். வட சென்னையில் துறைமுகத்திலோ, லோகோ, கேரேஜ் என்கிற ரயில்வே ஒர்க்ஷாப்புகளிலோ, லேலண்டிலோ, என்ஃபீல்டிலோ, எண்ணூர் அனல் மின் நிலையத்திலோ ஆயுசைக் கழித்துவிட்டு வந்த தாத்தா இல்லாத தெரு கிடையாது. உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதல் பதினாறு நாள்

இந்த நாட்களில் எதையும் எழுத உட்காராதீர்கள். மூன்று வேலை மட்டும் போதும்.

ஒன்று, எதையும் வெளியே போக விடக்கூடாது. சாவு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். பாயும் தலையணையும் போவது சரி. அதோடு சேர்ந்து பழைய டிரங்குப் பெட்டியும் காயலான் கடைக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் போயே விட்டது. சின்ன மாமா ஓடிப்போய் 150 ரூபாய் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். தாத்தாவின் யூனியன் ரசீதுகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

இரண்டு, துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், தாத்தாவை எப்படித் தெரியும் என்பதை ஒரு பேரப்பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். விட்டுப்போனவர்களை மொய் நோட்டில் பிடிக்கலாம். யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன உறவு என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். இதைவிட நல்ல முகவரிப் பட்டியல் கிடைக்காது.

மூன்று, ராத்திரி கானா பாட ஆள் வைத்திருந்தால் அதை போனில் முழுசாகப் பதிவு செய்யுங்கள். நாங்கள் பாதிதான் பதிந்தோம், இன்றும் வருத்தம். பாட வந்த தம்பி பாடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தான். என்ன வேலை, எந்தெந்த ஏரியாவில் இருந்தார், எத்தனை பிள்ளை, எந்தப் பேரன் மேல் உயிர், வாயில் அடிக்கடி வரும் வார்த்தை என்ன. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். ஃப்ளெக்ஸ் கடையின் மூன்று கேள்வியைவிட அவன் கேள்விகள் எவ்வளவோ மேல். புத்தகத்துக்கு நான் கேட்ட கேள்விகளில் பாதி அவனிடம் கற்றவைதான்.

காகிதங்கள்

பதினாறு முடிந்ததும் பெட்டியைத் திறக்கலாம். ஆனால் முதலில் ஆயாவின் குடும்ப பென்ஷன் வேலை முடியட்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் பிறகு அலைச்சல் குறைவு. இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அது, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, வங்கி பாஸ்புக், ஆயாவின் ஆதார் நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். புத்தகத்துக்கு ஸ்கேன் எடுக்கிறேன் என்று அந்தப் பையிலிருந்து ஒரிஜினலை உருவாதீர்கள். நான் உருவினேன். இரண்டு நாள் வீடே என்னோடு பேசவில்லை.

பழைய காகிதத்தை லேமினேட் செய்ய வேண்டாம். அந்தச் சூடும் பசையும் ஏறிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படம் எடுத்தால் போதும். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட கறுப்பு வெள்ளை போட்டோவைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சாய்த்து வைத்து எடுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஒரு படம். யார் யார் என்று எழுதுவதாக இருந்தால் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் அழுந்தும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கும்போது ஒரு சிக்கல் நிச்சயம் வரும். பிறந்த தேதி. அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர்கள் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுத்தான் பள்ளியில் சேர்த்தார்கள். தாத்தாவின் ரெக்கார்டில் 10.6.1941. ஆயாவோ, “கார்த்திக மாசத்துல பொறந்தவருடா அவரு” என்கிறார். எது சரி? தாத்தாவின் அம்மா சொன்ன ஒரு விஷயம் ஆயாவுக்கு நினைவிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது இவர் குப்புற விழ ஆரம்பித்த கைக்குழந்தையாம். சென்னை அப்படிக் காலியானது 1942 ஏப்ரலில். ஜூனில் பிறந்திருந்தால் பத்து மாதம், தவழ்ந்து முடித்து நிற்கப் பழகியிருப்பார். கார்த்திகை என்றால் ஐந்து மாதம். கணக்கு ஆயா பக்கம்தான் நின்றது.

இதில் ஆயாவுக்கு ஒரு கோபமும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 1998-ல் 58-லிருந்து 60 ஆக்கினார்கள். அதனால் 1999-ல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர் 2001 ஜூன் கடைசி வரை வேலை பார்த்தார். “கார்த்திகன்னு கரெக்டா போட்டிருந்தா இன்னும் அஞ்சு மாச சம்பளம் வந்திருக்கும். அந்த வாத்தியாரு கெடுத்தாரு.” இரண்டு தேதியையும் புத்தகத்தில் போட்டோம். வாத்தியாரையும் போட்டோம்.

ஆயாவிடம் கேட்பது

புத்தகத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

“தாத்தா எப்படிப்பட்டவர், சொல்லு ஆயா” என்று கேட்டால், “தங்கமானவரு” என்பார். அதோடு முந்தானை கண்ணுக்குப் போய்விடும், அன்றைக்கு வேலை அவ்வளவுதான். நான் அப்படித்தான் முதல் நாளைக் கெடுத்தேன். குணத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். காலை ஷிஃப்ட் என்றால் நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? டிபன் கேரியரில் எத்தனை அடுக்கு? எந்த வழியாக சைக்கிளில் போவார்? சம்பள நாளில் கையில் என்ன இருக்கும்? வேலைச் சட்டையை எப்படித் துவைப்பாய்?

சட்டைக் கேள்வியில்தான் ஆயா பிடித்துக்கொண்டார். “பொறி பட்டுப் பட்டு கையெல்லாம் ஊசி ஊசியா பொத்தலு. அவரு சட்டைல மாவு சலிக்கலாம்.” பிறகு நிறுத்த முடியவில்லை. பின்னி மில் சங்கு கேட்டு எழுந்து உலை வைத்தது, மழைக்காலத்தில் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது, சம்பளத்தன்று பி.வி. காலனியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் போட்ட கடையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கி வந்து, பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தாலும் எழுப்பி உட்கார வைத்து ஊட்டியது. “தூக்கத்துலயே தின்னுட்டு காலைல, எனக்குக் குடுக்கவே இல்லன்னு உங்கம்மா அழுவா.”

இப்படிப் பேசவைக்க கை வேலை இருக்க வேண்டும். கீரை ஆயும்போது, நெத்திலி சுத்தம் செய்யும்போது ஆயாவுக்கு வார்த்தை தானாக வரும். சும்மா எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினால் பேட்டி கொடுக்கிற மாதிரி விறைத்துக்கொள்வார். போனை அலமாரியில் வைத்துவிடுங்கள். டிவியை அணையுங்கள். ஃபேனையும், வெயில் பொறுக்குமானால். ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் ஆள் பெயரும் போட்டு அன்றைக்கே இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் புதுசு என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அத்தனை மணி நேரப் பதிவில் ஆயா ஒரு இடத்திலும் தாத்தாவின் பெயரைச் சொல்லவில்லை. ‘அவரு’, ‘உங்க தாத்தா’, கோபம் வந்தால் ‘அந்த மனுஷன்’. பென்ஷன் வேலையாக வங்கிக்குப் போனபோது கவுன்ட்டரில் “கணவர் பேர் என்னம்மா?” என்று கேட்டார்கள். ஆயா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். குனிந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, கடைசியில் பாஸ்புக்கை எடுத்து அந்தப் பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த விரலைத்தான் எழுதினேன்.

வருடம் தெரியாவிட்டால்

“அது எந்த வருஷம் ஆயா?” என்றால் பதில் வராது. ஊருக்கே தெரிந்த சம்பவத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் வந்துவிடும். சில அடையாளக் கற்கள்: டிராம் நின்றது 1953. ஐ.சி.எஃப்பை நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. சென்னைக்கு டிவி வந்தது 1975. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். பின்னி மில் மூடியதும் மெட்ராஸ் சென்னை ஆனதும் 1996. சுனாமி 2004, பெருவெள்ளம் 2015. ரயில்வே குடும்பம் என்றால் எல்லாவற்றையும்விட முக்கியமானது 1974 மே ஸ்டிரைக். மே 8-ம் தேதி தொடங்கி இருபது நாள் நடந்தது.

மில் குடும்பமாக இருந்தால் 1918-ல் பின்னி தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனையும் 1921 வேலைநிறுத்தத்தையும் பற்றி உங்கள் தாத்தாவுக்கே அவர் தாத்தா ஏதாவது சொல்லியிருப்பார். அதையும் கிண்டிப் பாருங்கள்.

கூட வேலை பார்த்தவர்கள்

மொய் நோட்டில் கிடைக்காதவர்களைத் தேட ஒரு சுருக்கு வழி உண்டு. நவம்பர் மாதம் காலையில் தாத்தாவின் பென்ஷன் வரும் வங்கிக்குப் போய் நில்லுங்கள். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க பென்ஷன்காரர்கள் வரிசை கட்டி வருவார்கள். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதால் முன்னாலேயே ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. கையில் தாத்தாவின் இளவயது போட்டோ இருக்கட்டும், கடைசிக் காலப் படம் உதவாது. நான் அப்படி நின்றதில் நான்கு பேர் கிடைத்தார்கள். அவர்களே அடுத்த தெருவில் இருக்கிற டீக்கடைக்கு அழைத்துப் போய், டீக்குக் காசும் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

இவர்களிடம் முதலில் பட்டப்பெயரைக் கேளுங்கள், பிறகு எந்த ஷாப், எந்த மெஷின், மேஸ்திரி யார், சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவார். தொழில் வார்த்தை புரியாவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுங்கள். பிறகு நாமாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு எழுதினால் அபத்தமாகிவிடும். முதல் வரைவில் ‘தாத்தா இரும்பை உருக்கி ரயில் செய்தார்’ என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டு நால்வரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் செய்தது தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டவைக்கிற வேலை.

இன்னொரு விஷயமும் அவர்களால்தான் விளங்கியது. சின்ன வயதில் தாத்தா என்னை வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். எக்ஸ்பிரஸ் வண்டி கடக்கும்போது பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பார். “எண்பத்தாறு… தொண்ணூத்தொண்ணு… இதோ தொண்ணூத்தெட்டு.” சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வருடமாம். தன் கை பட்ட பெட்டி போகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த வகைப் பெட்டி தயாரிப்பையே 2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப். நிறுத்திவிட்டது. அதன் பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால், எழுதுவதில் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

எதைப் போடுவது, எதை விடுவது

வீட்டில் சண்டை வருவது இந்தக் கட்டத்தில். எங்கள் வீட்டில் வளையலால் வந்தது.

1974 ஸ்டிரைக்கில் சம்பளம் இல்லை. ஆயாவின் இரண்டு வளையல் சேட்டுக் கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிவிட்டது. தாத்தா அப்புறம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2001-ல் செட்டில்மென்ட் பணம் வந்தது. “வளையல் வரும்னு பாத்தேன். ஃப்ரிட்ஜு வந்துச்சு” என்றார் ஆயா. ஆறு மாதம் அந்த ஃப்ரிட்ஜில் அவர் ஒன்றும் வைக்கவில்லையாம்.

பெரிய மாமாவுக்கு இதைப் போட விருப்பமில்லை. செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்றார். ஆயாவிடமே கேட்டோம். “போடு. அவரும் படிக்கட்டும்” என்றார்.

என் கருத்து இதுதான்: குடி, கடன், கோபம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது போஸ்டரில் இருக்கிற ஆள்தான். உயிரோடு இருக்கிறவருக்கு அவமானம் வரும் என்றால் மட்டும் விடுங்கள். தாத்தாவைப் பற்றியது என்றால் பாட்டிக்கே கடைசி வார்த்தை. பிள்ளைகளுக்கு இல்லை.

எழுதுவதும் அச்சடிப்பதும்

பிறப்பில் தொடங்காதீர்கள். ‘அன்னார் இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்தார்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் யாருக்கும் தூக்கம் வரும். அவருடைய சாதாரண வேலை நாள் ஒன்றை, எழுந்ததிலிருந்து படுத்தது வரைக்கும் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். டைப் பண்ணத் தெரியாதவர்கள் போனில் பேசியே தமிழில் எழுதலாம், பிறகு ஒருவர் உட்கார்ந்து திருத்தினால் சரி. ஆயா பேசியதை ஆயா பேச்சிலேயே விடுங்கள். ‘அவரு’வை ‘அவர்கள்’ ஆக்க வேண்டாம்.

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். 16, 20, 24, அவ்வளவு போதும். அதிகமானால் யாரும் படிக்க மாட்டார்கள். முழு அச்சுக்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் கறுத்துப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

குடும்பப் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் ஒவ்வொரு கிளையிலும் ஒருவரிடம் காட்டி, பக்கத்தில் டிக் வாங்கிக்கொள்ளுங்கள். வயது வரிசைதான் பாதுகாப்பு. மருமகன் இனிஷியல் மாறிப்போனால் அடுத்த பொங்கல் வரைக்கும் அதுவே பேச்சாக இருக்கும்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அச்சுக்குப் போகும் முன் முழுசாக வாசித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னார். சைக்கிள் பச்சை இல்லை, கறுப்பு. டிபன் கேரியர் மூன்று அடுக்கு இல்லை, நாலு. நாலாவது அடுக்கில் என்ன இருக்கும் என்றேன். “ஒன்னும் இருக்காது. அவரு வரச்ச அதுல எதுனா போட்டுக்கினு வருவாரு” என்றார். ஒரு பத்தியை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

தெவசத்தன்று படையல் முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கொடுங்கள். கோயிலில் கொடுப்பது போலத் தட்டில் வைத்துக் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் பந்திக்குக் காத்திருந்தவர்கள் கையில் கொடுத்தோம். இலை போடும் நேரத்துக்குள் முக்கால்வாசிப் பேர் படித்து முடித்திருந்தார்கள்.

கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டு, ஒரு பிரதியை மட்டும் வாசலில் மேசை மேல் வையுங்கள். படித்தவுடன்தான் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஞாபகம் வரும், உடனே எழுதிவிடுவார்கள். பக்கத்தில் பேனாவும் வேண்டும், நூலில் கட்டி. நாங்கள் கட்டாமல் வைத்த முதல் பேனா அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் சட்டைப் பையில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது.